நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தாலும் பசிப்பது ஏன்? 1956-ம் ஆண்டு ஆய்வு சொல்வது என்ன?

"ஏய்யா, நாள் பூரா சேர்ல உக்காந்துதான இருக்க? பெறகு எப்படிப் பசி எடுக்கு?"

கோவில்பட்டி பக்கம் இடைசெவல் போன்ற கரிசல் ஊர்களில் இருந்து சென்னைக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் லீவில் வரும்போது, வீட்டில் இப்படிக் கேட்டால் ஆச்சரியமில்லை. களை வெட்டி, பருத்தி எடுத்து, அந்த உழைப்புக்கு ஏற்ப கம்மங்கூழ் குடித்துப் பழகிய தலைமுறை அது. உழைப்பு குறைந்தால் பசியும் குறையணும், இல்லையா?

அப்படிக் குறைவதில்லை என்கிறது இந்தியாவிலேயே நடந்த ஒரு பழைய ஆய்வு.

யார் செய்த ஆய்வு?

பிரான்சில் பிறந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் ஜீன் மேயர். பசி, உடற்பயிற்சி, உடல் பருமன் மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர். தினமும் கொஞ்ச நேரம் ஓடவிட்ட எலிகள், சும்மா கிடந்த எலிகளைவிடக் குறைவாகவே தின்றதை முதலில் கவனித்தார்.

மனிதர்களும் இப்படித்தானா? இதைப் பார்க்க மேற்கு வங்கத்தின் சணல் ஆலை ஒன்று வசதியாக இருந்தது. கடையில் உட்கார்ந்திருப்பவர், குமாஸ்தா, மூட்டை சுமப்பவர் என எல்லா வகை உழைப்பும் அங்கே ஒரே இடத்தில் இருந்தது. இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் ஒப்பிட்டு, 1956-ல் முடிவை வெளியிட்டார்.

என்ன தெரிந்தது?

லேசான வேலை முதல் கடும் உழைப்பு வரை, வேலை கூடக்கூட சாப்பாடும் கூடியது. ஆனால் எடை பெரிதாக மாறவில்லை. உட்கார்ந்தே இருந்தவர்கள் கதை வேறு. அவர்கள் லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் இருந்தது.

பசியை வண்டியின் பெட்ரோல் மீட்டர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்வரை முள் சரியாகக் காட்டுகிறது. நிறுத்தியே வைத்தால் முள் தப்பாகக் காட்ட ஆரம்பிக்கிறது.

அப்படியே நம்பலாமா?

இது ஒரு கட்டத்தில் எடுத்த கணக்கு மட்டுமே. உட்கார்ந்ததால்தான் எடை கூடியது என்று இதை வைத்து மட்டும் நிரூபிக்க முடியாது. ஆனால் பிற்பாடு இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பிளண்டெல் குழுவினர் செய்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. உடல் இயக்கம் உள்ளவர்களுக்கு, 'போதும்' என்ற உணர்வு கூடுதல் துல்லியமாக வேலை செய்கிறது.

நமக்கு ஏன் முக்கியம்?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 39.5% பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டாலே கவனம் தேவை. சர்க்கரை நோய்க்கான வாசல் அது.

என்ன செய்யலாம்?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாக நடந்தாலே போதும். நடந்தால் மட்டும் எடை மளமளவென இறங்கிவிடாது, தட்டையும் பார்க்கணும். ஆனால் தட்டில் எவ்வளவு போதும் என்று சொல்லும் பசியை நம்ப வேண்டுமானால், உடம்பு கொஞ்சமாவது அசையணும்.

அடுத்த தடவை ஊரில் அந்தக் கேள்வி வந்தால் பதில் இதுதான்: "உக்காந்தே இருக்கிறதாலதாம்மா இப்படிப் பசிக்குது."