லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சுப்பீரியர் நீதிமன்றம்

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சுப்பீரியர் நீதிமன்றம் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அக்கவுண்டியின் வழக்குகளை முதல்நிலையில் விசாரிக்கும் நீதிமன்றம் ஆகும். பெயரில் 'மேலான' என்ற பொருள் இருந்தாலும் இது இந்திய உயர் நீதிமன்றம் போன்றதன்று.

அமைப்பு

கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும் தலா ஒரு சுப்பீரியர் நீதிமன்றம் உண்டு. முன்பு சிறிய வழக்குகளை முனிசிபல் நீதிமன்றங்கள் தனியே விசாரித்தன. 1998இல் வாக்காளர்கள் ஏற்ற 220ஆம் முன்மொழிவு இரண்டையும் இணைக்க வழிவகுத்தது. லாஸ் ஏஞ்சலசில் 2000இல் இணைப்பு நடந்தது. குற்றவியல், உரிமையியல், குடும்பம், சிறார், உயில் வழக்குகளுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. நீதிபதிகளின் பதவிக்காலம் 6 ஆண்டுகள். அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர்; இடையில் காலியாகும் இடங்களை ஆளுநர் நிரப்புகிறார்.

ஆவணங்கள்

சட்டம் தடுக்காத ஆவணங்களை, வழக்கில் தொடர்பில்லாதவரும் பார்க்கலாம். நகல்களுக்குக் கட்டணம் உண்டு. உரிமையியல் ஆவணங்கள் பலவும் இணையவழி கிடைக்கின்றன. குற்றவியல், குடும்ப வழக்கு ஆவணங்களைப் பொதுமக்கள் நீதிமன்றத்துக்கு நேரில் சென்றே பார்க்க வேண்டும். சிறார் வழக்கு ஆவணங்கள் இரகசியமானவை.

வாடகை வீட்டைக் காலி செய்யக் கோரும் வழக்கின் ஆவணங்கள், வழக்குத் தொடுத்த 60 நாட்களுக்குள் உரிமையாளர் வென்றால்தான் பொதுவாகத் திறக்கப்படும். வழக்கு பதிவானது என்பதற்காகவே ஒருவருக்கு அடுத்த வீடு கிடைக்காமல் போவதை இவ்விதி தடுக்கிறது.