ஏரி இறங்குகிறது, துறை ஓடுகிறது!

2002இல் லாஸ் வேகாஸ் விரிகுடாவிலே இருந்த படகுத்துறை, மூட்டை முடிச்சோடு ஹெமன்வேக்குக் குடிபெயர்ந்தது. 2007இல் ஓவர்ட்டன் துறை மூடப்பட்டது. 2008இல் இன்னொரு துறையும் ஹெமன்வேக்கே வந்து சேர்ந்தது. 2013இல் எக்கோ பே துறைக்கும் மூடுவிழா! புயல் அடித்ததா? போர் மூண்டதா? இல்லை, தோழர்களே! ஏரி இறங்கியது, துறை அதன் பின்னால் ஓடியது.

நாம் சொல்வது, அமெரிக்க நாட்டிலே நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையிலே உள்ள மீட் ஏரியைப் பற்றி. கொலராடோ ஆற்றை ஹூவர் அணை தடுத்து நிறுத்தியதால் உண்டான ஏரி அது. கொள்ளளவிலே அந்நாட்டு நீர்த்தேக்கங்களுக்கெல்லாம் அதுவே அண்ணன். நிரம்பினால் அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1,229 அடி. 2000இன் தொடக்கத்திலே 1,214 அடி இருந்தது. 2022 ஜூலையிலே 1,040 அடி! 1937இல் ஏரி நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பின்னர் அவ்வளவு தாழ்ந்ததில்லை. நீர் இறங்கிய இடமெல்லாம் பாறையிலே சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் பட்டை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஹிக்கின்ஸ் படகு ஒன்று, ஒருகாலத்தில் 185 அடி ஆழத்திலே கிடந்தது, 2022இல் தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தது!

"துறை மிதப்பதுதானே? நீரோடு தானும் இறங்கிவிட்டுப் போகட்டுமே!" என்று கேட்கத் தோன்றும். இறங்கும். ஆனால் கரை செங்குத்துச் சுவரல்லவே, சரிவல்லவா? நீர் ஓரடி இறங்கினால், கரை பல அடி பின்வாங்கும். நேற்று படகு நின்ற இடத்திலே இன்று சேறு. மிதவை மேடையை ஏரியின் அடியிலே கிடக்கும் நங்கூரங்களோடு இரும்பு வடங்கள் பிணைத்திருக்கின்றன. நீர் இறங்க இறங்க வடம் தொய்கிறது. தொய்ந்தால் காற்று மேடையைத் தள்ளும். படகோடு படகு மோதும். ஆகவே தொழிலாளி 'வின்ச்'சைச் சுற்றி வடத்தை இறுக்க வேண்டும். இறுக்கியும் போதாதபோது நங்கூரத்தையே பெயர்த்து ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நடைபாலம் நீள வேண்டும். மின்கம்பி, குடிநீர்க் குழாய், பெட்ரோல் குழாய், கழிவுநீர்க் குழாய் அத்தனையும் பின்தொடர வேண்டும். ஒரு தெருவை, அதன் விளக்கோடும் சாக்கடையோடும் சேர்த்துப் பெயர்த்து வைப்பதற்கு ஒப்பான வேலை! அதுவும் ஒருமுறை செய்து முடிகிற வேலையா? ஏரி இறங்கும்போதெல்லாம் மறுபடி, மறுபடி.

படகைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு, கரையேற்றிவிடலாம். அதற்கும் நீர் வேண்டும்! வண்டியைச் சரிவுப்பாதையிலே பின்னோக்கி இறக்கி, நீருக்குள் அமிழ்த்தி, படகை அதன்மேல் மிதக்கவிட்டு ஏற்ற வேண்டும். கான்கிரீட் சரிவு நீரைத் தொடாமல் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் படகு சிறைப்பட்ட படகுதான். அதே ஆற்றில் மேலே உள்ள பவல் ஏரியிலே, 2021 ஜூலையில், வீட்டுப்படகு உரிமையாளர்களுக்கு ஒரு வாரம்கூட அவகாசம் இல்லை: படகை எடுத்துவிடுங்கள், இல்லையேல் மாட்டிக்கொள்ளும் என்று அறிவிப்பு. பெரிய படகு முதலில், சிறிய படகு பின்னர் என்பது இத்துறையிலே பாலபாடம். ஆழம் குறைந்தால் முதலில் தரை தட்டுவது பெரியதுதானே!

"பொழுதுபோக்குப் படகு வைத்திருக்கும் சீமான்களுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். வேண்டாம்! சீமான் இன்னொரு ஏரிக்குப் போவார். துறை மூடினால் எஞ்சின் பழுதுபார்ப்பவர், பெட்ரோல் ஊற்றுபவர், வடம் இழுப்பவர் எங்கே போவார்? பொதுப்பணமும் கரைகிறது. 2010 முதல் சரிவுப்பாதைகளுக்காக 4 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதாகவும், ஏரி மேலும் 4 அடி இறங்கும் ஒவ்வொரு முறையும் 20 லட்சம் முதல் 30 லட்சம் டாலர் தேவைப்படுவதாகவும் தேசியப் பூங்காத் துறை கணக்குக் காட்டியிருக்கிறது.

படகு நீரைக் குடித்ததா? குடித்தவர் வேறு. 1922இல் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலே ஏழு மாநிலத்தார் கூடினர். மேல்பாதிக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்பாதிக்கு 75 லட்சம் என்று ஆற்றைப் பங்கு போட்டனர். தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றங்கரையிலே வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு அந்தக் கூட்டத்திலே நாற்காலி இல்லை! 1944இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் என்று இன்னோர் ஒப்பந்தம். கூட்டினால் 165 லட்சம். அவர்கள் கணக்குப் பார்த்ததோ மழை மிகுந்த ஆண்டுகளை வைத்து. 2000க்குப் பிறகு ஆற்றின் இயற்கை வரத்து ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 125 லட்சம்தான். காகிதத்திலே ஓடும் ஆறு வேறு, பாறையிலே ஓடும் ஆறு வேறு. வெயிலும் ஏறியது, பனியும் குறைந்தது. ஆற்று நீரிலே பெரும்பங்கு வயலுக்குப் போகிறது. அவற்றிலே கால்நடைத் தீவனம் விளையும் வயல்கள் ஏராளம். 2021 ஆகஸ்டிலேதான் மைய அரசு முதன்முறையாகப் பற்றாக்குறையை அறிவித்தது. வடம் இழுத்த தொழிலாளியைக் கேட்டிருந்தால் 2002லேயே சொல்லியிருப்பார்!

2007இல் வகுத்த பங்கீட்டு விதிகளின் ஆயுள் 2026 வரைதான். 2023இலே மலையில் பனி மிகுந்தது. மீட் ஏரி சற்றே ஏறியது. ஏறினாலும் வேலைதான்: இறுக்கிய வடத்தைத் தளர்த்த வேண்டும், நீட்டிய குழாயைச் சுருக்க வேண்டும், முன்னே தள்ளிய மேடையைக் கரைப்பக்கம் இழுக்க வேண்டும்.