கிருமியைக் கொல்லாத மருந்து

மருந்து என்றால் கிருமியைக் கொல்ல வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் பாக்டீரியாக்களின் மேல் ஊற்றினால் ஒன்றையும் கொல்லாத ஓர் இரசாயனம், தக்காளிச் செடியின் மேல் தெளித்தால் அதே பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. அது எப்படி?

முதலில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குப் போவோம். அங்குள்ள வெப்பமும் மழையும் நமக்குப் பழக்கமானவைதாம். தக்காளி அங்கு முக்கியமான பயிர். சந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கும் அந்த ஈரமும் சூடும் மிகவும் பிடிக்கும். மழைத்துளி தெறிக்கும்போது இலைக்கு இலை தாவி, இலைத்துளைகள் வழியாகவும் சிறு காயங்கள் வழியாகவும் உள்ளே நுழைந்துவிடும். இலையில் கரும்புள்ளிகள் தோன்றும். பின்னர் இலை மஞ்சளாகி உதிரும். பழத்தின் மேலும் சொரசொரப்பான வடுக்கள் விழும். அப்படிப்பட்ட பழத்தைக் கடையில் யார் வாங்குவார்?

1950களில் விவசாயிகள் ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்தார்கள். ஆம், காசநோய்க்குத் தரப்படும் அதே மருந்து! சில ஆண்டுகளிலேயே அதற்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகின. அடுத்துச் செம்புக் கலவைகளை நம்பினார்கள். 1980களில் செம்பையும் தாங்கும் பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டன. மருந்து கொல்லக் கொல்ல, தப்பிப் பிழைத்த சில பாக்டீரியாக்களின் வாரிசுகளே தோட்டத்தை நிரப்பின.

இதற்கிடையே வேறொரு செடி வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தது. ஃபிராங்க் ராஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, புகையிலைச் செடியின் சில இலைகளில் மட்டும் ஒரு வைரஸைத் தடவினார். சில நாள்கள் கழித்து, அதே செடியின் வேறு இலைகளில் தடவிப் பார்த்தார். அங்கே நோய்ப் புள்ளிகள் குறைவாகவும் சிறியதாகவும் இருந்தன. ஓர் இலை பட்ட அடி மற்ற இலைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது! இதை அவர் 1961இல் வெளியிட்டார்.

1979இல் இங்கிலாந்தில் ஒயிட் என்பவர் இன்னும் விசித்திரமான ஒன்றைச் செய்தார். புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலைச் செலுத்தினார். ஆம், தலைவலி மாத்திரைதான். அதன் பிறகு வைரஸ் ஏற்படுத்திய புள்ளிகள் குறைந்தன. ஆஸ்பிரின், சாலிசிலிக் அமிலத்திலிருந்து தயாரிக்கப்படுவது. தொற்று ஏற்பட்டால் செடியே அந்த அமிலத்தைச் சுரக்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

நமக்கு இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஓடுகின்றன. செடிக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வோர் உயிரணுவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். சாலிசிலிக் அமிலம் அதிகரித்ததும், உயிரணுவில் உள்ள என்.பி.ஆர்.1 என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து தற்காப்பு மரபணுக்களை இயக்குகிறது. கிருமிகளைத் தாக்கும் புரதங்கள் தயாராகின்றன.

அப்படியென்றால் சாலிசிலிக் அமிலத்தையே தெளித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அளவு சற்றுக் கூடினாலும் இலை கருகிவிடும். அதனால்தான் விஞ்ஞானிகள் அதே வேலையைச் செய்யும், ஆனால் செடியை அதிகம் வருத்தாத ஒன்றைத் தேடினார்கள். அசிபென்சோலார் என்ற இரசாயனம் அப்படிக் கிடைத்தது. 1990களில் ஐரோப்பாவில் பயான் என்ற பெயரிலும், பின்னர் அமெரிக்காவில் ஆக்டிகார்ட் என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தது. ஓர் ஏக்கருக்குச் சில கிராம் போதும். ஆனால், கிருமி வருவதற்குச் சில நாள்கள் முன்பே தெளிக்க வேண்டும். வந்த பின் தெளித்தால் பெரிய பயனில்லை.

இதைச் ‘செடிக்குத் தடுப்பூசி’ என்று சிலர் வருணிப்பார்கள். அது முழுக்கச் சரியல்ல. தடுப்பூசி குறிப்பிட்ட ஒரு கிருமியை நம் உடலுக்கு அறிமுகப்படுத்துகிறது. இந்த மருந்தோ எந்தக் கிருமியையும் காட்டுவதில்லை; எச்சரிக்கை மணியை மட்டும் அடிக்கிறது. மணியோசை சில நாள்களில் அடங்கிவிடும், ஆகவே மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டும்.

அமெரிக்காவின் பல இடங்களில் நடந்த தோட்டச் சோதனைகளில் இது செம்புக் கலவைக்கு ஈடாக இலைப்புள்ளி நோயைக் கட்டுப்படுத்தியது. நேரடியாகக் கொல்லாததால், செம்பைத் தாங்கும் பாக்டீரியாக்களும் இதனிடம் தப்ப முடியவில்லை. ஆனாலும் விளைச்சல் எப்போதும் கூடவில்லை. காரணம் எளிது: தற்காப்புப் புரதங்களைச் செய்யவும் சக்தி வேண்டும். வளர்ச்சிக்கும் காய்க்கும் போக வேண்டிய சக்தியைச் செடி அதில் செலவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பளிப்புழுக்களை எதிர்க்கச் செடி ஜாஸ்மோனிக் அமிலம் என்ற வேறொரு சமிக்ஞையைப் பயன்படுத்துகிறது. ஒன்று ஓங்கினால் மற்றது தணியும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், அசிபென்சோலார் தெளித்த தக்காளிச் செடிகளில் புழுக்களுக்கு எதிரான தற்காப்பு குறைந்தது தெரிந்தது. பாக்டீரியாவுக்குக் கதவை அடைத்தால் புழுவுக்குச் சன்னல் திறந்துகொள்கிறது! இந்த இரகசியம் ஒரு பாக்டீரியாவுக்கும் தெரியும். தக்காளியைத் தாக்கும் சூடோமோனாஸ், ஜாஸ்மோனிக் சமிக்ஞையைப் போலவே நடிக்கும் ஒரு நச்சைச் சுரந்து, சாலிசிலிக் எச்சரிக்கையை அடக்கிவிட்டு உள்ளே புகுகிறது.

நம் வட்டாரத் தாழ்நிலங்களில் தக்காளி பயிரிடுவோரை அதிகம் வாட்டுவது வேறொரு நோய். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி நீர்க்குழாய்களை அடைத்துவிடும். நேற்றுவரை பச்சையாக நின்ற செடி துவண்டு போகும். இதற்கும் அசிபென்சோலாரைச் சோதித்தார்கள். ஓரளவு எதிர்ப்புச் சக்தி உள்ள தக்காளி இரகங்கள் அதனால் மேலும் தாக்குப்பிடித்தன. எதிர்ப்புச் சக்தியே இல்லாத இரகங்கள், மருந்து தெளித்தும் வாடிப்போயின.