புகைபோக்கிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் இயங்கிவந்த ஜெனிவா உருக்காலை, தொழிலாளர் தகராறு காரணமாக 1986 ஆகஸ்டில் மூடப்பட்டு, 1987 செப்டம்பரில் மறுபடி திறக்கப்பட்டது. அந்த வட்டாரக் காற்றில் மிதந்த துகள்களைப் பெருமளவில் கக்கியது அந்த ஆலைதான். ஆர்டன் போப் என்ற பொருளியல் பேராசிரியர் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி, ஆலை ஓடிய குளிர்காலங்களை ஓடாத குளிர்காலத்தோடு ஒப்பிட்டார். மூச்சுக்குழல் அழற்சியும் ஆஸ்துமாவும் கண்டு சேர்க்கப்பட்ட குழந்தைகள், ஆலை ஓடிய குளிர்காலங்களில் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இருந்தார்கள். சிகரெட்டின் மேல் பழிபோட அங்கே வழியில்லை. மார்மன் சமயத்தார் நிறைந்த அந்தப் பகுதியில் புகைபிடிப்பவர்கள் மிகக் குறைவு. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள், அந்த ஆண்டுகளில் காற்றை வடிகட்டிய தாள்களிலிருந்து தூசியின் சாற்றை எடுத்து, மனமுவந்து வந்தவர்களின் நுரையீரலில் மிகச் சிறிய அளவில் செலுத்திப் பார்த்தார்கள். ஆலை ஓடிய ஆண்டுகளின் தூசி அழற்சியை உண்டாக்கியது. மூடியிருந்த ஆண்டின் தூசி அந்த அளவுக்கு உண்டாக்கவில்லை. புகையும் நோயும் தற்செயலாகச் சேர்ந்து வந்தவை என்று வாதிடுவோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

இந்தத் தூசியில் மிகக் கொடியது 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள். தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் தொண்டையும் இதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைக்கோடி வரை போய், அங்கே அழற்சியை மூட்டி, ரத்த ஓட்டத்தையும் எட்டுகிறது. காற்று மாசால் இறப்பவர்களில் பெரும்பங்கினர் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போவது இதனால்தான். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள், புகை என்று எழுதமாட்டார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் துகள் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவுறுத்தியது. இந்தியச் சட்டம் 40 வரை அனுமதிக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். காற்றை அப்படி வீட்டுக்கு வீடு சுத்தம் செய்துகொள்ள முடியாது. அதனால்தான் இது தனிமனித ஒழுக்கத்துக்கு விடும் விஷயமாக இல்லாமல் சட்டத்தின் வேலையாகிறது.

சட்டம் போட்டால் உயிர் பிழைக்குமா என்று கேட்டால், டப்ளின் நகரைப் பார்க்கலாம். 1990 செப்டம்பர் 1 முதல் அங்கே புகை கக்கும் நிலக்கரியை விற்கத் தடை வந்தது. காற்றில் கரும்புகை சுமார் 70 விழுக்காடு குறைந்தது. மூச்சு நோய் இறப்புகளும் இதய நோய் இறப்புகளும் குறைந்ததாக 2002-இல் வந்த ஆய்வு காட்டியது. பிறகு அதே தரவுகளை மீண்டும் அலசியபோது, இதய நோய் இறப்புகள் தடையில்லாத இடங்களிலும் குறைந்திருந்தது தெரிந்தது. அந்தப் பலனைத் தடையின் கணக்கில் வைக்க முடியாது. ஆனால் மூச்சு நோய் இறப்புகள் குறைந்தது உறுதியாக நின்றது. மறுபரிசோதனையில் பாதி உதிர்ந்தும் மீதி நிற்கிறதே, அந்த மீதியை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

பசுங்குடில் வாயுக்களுக்கு வருவோம். கரியமில வாயுவை நாமே மூச்சில் விடுகிறோம், அது எப்படி மாசாகும் என்பது பழைய ஆட்சேபம். நாம் சுவாசிக்கும் அளவில் அது நஞ்சல்ல என்பது உண்மைதான். அதன் கேடு வெப்பத்தின் வழியாக வருகிறது. வெப்ப அலை வீசிய 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். பூமி சூடேறச் சூடேற இத்தகைய நாட்கள் பெருகும். பசுங்குடில் வாயுக்களும் மாசு என்ற வரையறைக்குள் வரும் என்று 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவை மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2009-இல் முறைப்படி அறிவித்தது. அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற 2025 ஜூலையில் அதே முகமை முன்மொழிந்தது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

செலவைப் பற்றிய கவலை நியாயமானது. 1990-இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தில் செய்த திருத்தங்களால் 2020-ஆம் ஆண்டில் 6,500 கோடி டாலர் செலவாகும், ஏறத்தாழ 2 லட்சம் கோடி டாலர் பலன் கிடைக்கும் என்று அந்த முகமை 2011-இல் கணக்கிட்டது. பலனில் பெரும்பகுதி, தவிர்க்கப்பட்ட அகால மரணங்களுக்குப் போட்ட விலை. உயிருக்கு விலை போடுவதில் கருத்து வேறுபாடு வரலாம். அந்தப் பலனில் பத்தில் ஒன்பது பங்கைத் தள்ளிவிட்டாலும் செலவைவிட மூன்று மடங்கு மிஞ்சுகிறது.

நம் நாட்டில் எழும் கேள்வி வேறு. பணக்கார நாடுகள் நூற்றாண்டாகக் கரியை எரித்துவிட்டு, தலைக்கணக்கில் மிகக் குறைவாக எரிக்கும் நாம் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்? கரியமில வாயு உலகக் காற்றில் கலந்துவிடுவதால், நாம் குறைத்த பலன் எல்லோருக்கும் சிதறிப்போகும். இந்த வாதத்தில் நீதி இருக்கிறது. ஆனால் நிலக்கரி எரியும்போது கரியமில வாயு தனியே வருவதில்லை. சாம்பலும் கந்தக டை ஆக்சைடும் கூடவே வருகின்றன. எரிப்பதைக் குறைத்தால் வாயுவின் பலன் உலகத்துக்குப் போகட்டும், தூசி குறைந்த பலன் எண்ணூரில் அனல் மின் நிலையத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கும் காற்று வீசும் திசையில் உள்ள ஊர்களுக்கும் அந்த ஆண்டே கிடைக்கும். அடுத்த நாடு ஒத்துழைக்கும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வெறும் வடிகட்டிகளே போதும் என்பதும் சரியல்ல. கந்தகத்தை நீக்கும் கருவி கரியமில வாயுவைத் தடுக்காது. போதாததற்கு, கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி வெப்பத்தைச் சற்று மறைத்துவந்தன. அவற்றை மட்டும் அகற்றினால் மறைந்திருந்த சூடு வெளியே வரும். இதைச் சொல்லிக் கந்தகத்தை விட்டுவைக்கச் சொல்பவர்கள் மக்களின் நுரையீரலைக் குடையாகப் பிடிக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும்.

அனல் மின் நிலையங்களுக்கான கந்தக வரம்பை இந்திய அரசு 2015 டிசம்பரில் அறிவித்து, இரண்டாண்டு கெடு கொடுத்தது. கெடு பலமுறை நீண்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றிலும் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் புகைபோக்கியை விட்டு வெளியேறிய அந்த வாயு, வாயுவாகவே நிற்பதில்லை. வழியில் சல்பேட் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கிறது. ஆலையருகே வாயுவை மட்டும் அளந்தால் அது கணக்கில் வராது. அளக்க வேண்டியது காற்று வீசும் திசையில் உள்ள ஊர்களின் நுண்துகளையும், அந்த ஊர் மருத்துவமனைகளின் பதிவேட்டையும்.