திருட்டுப் படியும் பாட வேறுபாடும்

ஏட்டைப் பார்த்து ஏடெழுதி வைத்தோரால்தான் பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. அன்று படியெடுத்தல் நூலைக் காக்கும் பணியாக விளங்கியது. இன்றோ இணையவழி வெளியாகும் திரைப்படத்தை உரிமையின்றிப் படியெடுத்துப் பரப்புதல் தண்டனைக்குரிய குற்றமாகும். அது எங்ஙனம் நிகழ்கிறது, செய்தவர் எங்ஙனம் அறியப்படுகிறார் என்பனவற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரங்கிலிருந்து இணையத்திற்கு

முன்னர்த் திருட்டுப் படி பெரிதும் திரையரங்கிலேயே பிறந்தது. இருக்கையில் அமர்ந்தவாறே கேமராவால் திரையைப் பதிவு செய்தனர். அப்படியில் திரை சாய்ந்திருக்கும். எழுந்து செல்வோரின் தலை மறைக்கும். பிறர் இருமலும் கேட்கும். மக்கள் இதனைத் ‘தியேட்டர் பிரிண்ட்’ என்பர். திருட்டு வி.சி.டி. பெருகிய நிலையில், 2004 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டம் திருத்தப்பெற்று, வீடியோ திருட்டில் ஈடுபடுவோரும் அதன்கீழ்க் கொணரப்பட்டனர். ஓ.டி.டி. தளங்கள் தோன்றிய பின்னர், மூலத்தை ஒத்த தெளிவுடைய படிகளே பரவலாயின.

பூட்டும் சாவியும்

ஓ.டி.டி. தளம் ஒரு படத்தைச் சில நொடிகளே ஓடக்கூடிய சிறு துண்டுகளாக நறுக்கி, மறைகுறியாக்கி அனுப்புகிறது. இடைவழியில் எவரேனும் கவர்ந்தாலும் அவை பொருளற்ற எண்களே. அவற்றைத் திறக்கும் சாவி சந்தாதாரரின் கருவிக்குத் தனியே வழங்கப்படும். கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி ஆகியன இத்தகைய காப்பு முறைகள். வைட்வைனில் மூன்று நிலைகள் உள. முதல் நிலையில் சாவியும் படமும் கருவியின் சில்லுக்குள் அமைந்த பாதுகாப்பான பகுதியிலேயே கையாளப்படும். மூன்றாம் நிலையில் எல்லாம் மென்பொருளாலேயே நிகழும். ஆதலின் உயர்தெளிவுப் படத்தை முதல் நிலைக் கருவிகளுக்கே தளங்கள் பல வழங்குகின்றன.

எனினும் இக்காப்பில் நீக்கவியலாக் குறையொன்று உண்டு. பூட்டிய படத்தை எவரும் காண இயலாது. காண வேண்டுமெனில் திறந்தாக வேண்டும். திருடுவோனிடமிருந்து மறைக்க வேண்டிய சாவியைப் பார்வையாளரிடம் கொடுத்தாக வேண்டும். அவ்விருவரும் ஒருவரேயாகவும் இருத்தல் கூடும்!

கசியும் இடங்கள்

கசிவு பெரும்பாலும் இருவழிப்படும். திறந்த பின் திரையில் தோன்றுவதையோ, தொலைக்காட்சிக்குச் செல்லும் கம்பியில் ஓடுவதையோ மீண்டும் பதிவு செய்தல் ஒன்று. இது ‘வெப் ரிப்’ எனப்படும்; மறுபதிவாதலின் தெளிவு சற்றே குறையும். அக்கம்பி வழியைக் காப்பதற்கென எச்.டி.சி.பி. என்னும் முறை உண்டு. ஆயின் அதன் தலைமைச் சாவியே 2010 செப்டம்பரில் வெளியாகிவிட்டது. தளம் அனுப்பிய துண்டுகளையே சாவியுடன் கைப்பற்றித் திறந்து இணைத்தல் மற்றொன்று. இது ‘வெப் டி.எல்.’ எனப்படும், இதில் தெளிவு சிறிதும் குறைவதில்லை. வைட்வைனின் மூன்றாம் நிலையை முறியடித்ததாக ஆய்வாளர் ஒருவர் 2019 சனவரியில் அறிவித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. இவ்விரு வழிகளின் தொடக்கத்திலும் யாரோ ஒருவரின் கணக்கு நிற்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

பாட வேறுபாடு

இங்குத்தான் தமிழ் மாணவர் நன்கறிந்த முறையொன்று துணைக்கு வருகிறது. ஒரே பிழை இரண்டு ஏடுகளில் காணப்படின், அவை ஒரு தாய் ஏட்டின் வழிவந்தவை எனப் பதிப்பாசிரியர் கருதுவர். படத்திலும் இவ்வாறே ஒவ்வொரு துண்டும் ‘அ’, ‘ஆ’ என இரு வடிவங்களில் ஆக்கப்படுகிறது. வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாது, கணினி அறியும். ஒருவருக்கு ‘அ, ஆ, ஆ’ என்ற வரிசையும் மற்றொருவருக்கு ‘ஆ, அ, ஆ’ என்ற வரிசையும் செல்லும். பத்துத் துண்டுகளால் 1,024 வரிசைகளும், இருபது துண்டுகளால் 10,48,576 வரிசைகளும் அமையும். கசிந்த படியின் வரிசையைப் படித்தால், எந்தக் கணக்கிலிருந்து அது வந்தது என்பது விளங்கிவிடும். ஏட்டில் வேறுபாடு தானே நேர்ந்தது. இங்கோ அது வேண்டுமென்றே விதைக்கப்படுகிறது.

ஆயினும் இம்முறை கணக்கைக் காட்டுமேயன்றிக் கையைக் காட்டாது. நண்பர்க்குக் கடவுச்சொல்லைக் கொடுத்தவர், தாம் செய்யாத குற்றத்திற்கு விடை கூற நேரலாம். மாணவர் இதனை ஊன்றிக் கருதுதல் வேண்டும்.

சட்டத்தின் நிலை

1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் செய்யப்பட்ட திருத்தம், உரிமையை மீறும் நோக்குடன் இத்தகைய காப்புகளை உடைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. திரையரங்கில் உரிமையின்றிப் படத்தைப் பதிவு செய்வோர்க்கு, 2023 ஆம் ஆண்டு ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ. 3 இலட்சம் முதல் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் வகுத்துள்ளது. தனிப்பட்ட ஆய்வு, திறனாய்வு ஆகியவற்றிற்காக முறையாகப் பயன்படுத்துதலைப் பதிப்புரிமைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. வெளியான ஆண்டு கழிந்து அறுபது ஆண்டுகள் சென்றபின் படம் பொதுவுடைமையாகிவிடுகிறது.

முடிவுரை

‘பெருநிறுவனத்திற்கு இதனால் என்ன இழப்பு?’ என மாணவர் சிலர் வினவக் கேட்கிறோம். சிறு முதலீட்டில் எடுக்கப்பெற்ற படத்தைத் தளமொன்று விலைகொடுத்து வாங்குவது, காண விரும்புவோர் தன்னிடம் வருவர் என்னும் நம்பிக்கையாலேயே. அந்நம்பிக்கை குலையின், முதலில் விலைபோகாமல் நிற்பது எளியோரின் படமேயாகும்.

ஏடெழுதியோர் பலர் இறுதியில் தம் பெயரையும் ஊரையும் எழுதி முடித்தனர். தம் பெயரை எழுத நாணாத படியே நேர்மையான படி என்பது எமது துணிபு.