கோர்சி: காயவேண்டியது அறையா, உடம்பா?

'சூடான அறை' என்பது ஒரு நவீனக் கருத்தாக்கம். இப்படிச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். குளிர்காயாத மனுஷன் எந்தக் காலத்தில் இருந்தான் என்கிறார்கள். குளிர்காய்வது வேறு, அறையைக் காயவைப்பது வேறு என்பதுதான் நான் சொல்ல வருவது. ஈரானியர்களின் 'கோர்சி'யை முன்வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன்.

கோர்சி ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. தாழ்வான ஒரு சதுர மரமேசை. அடியில் 'மன்கல்' என்கிற கணப்புச் சட்டி. சில வீடுகளில் தரையிலேயே குழி. கரித்தூளைக் குழைத்து, உருண்டை பிடித்து, வெயிலில் காயவைத்துக்கொள்வார்கள். அது நீறுபூத்து மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேசைமேல் நாலு பக்கமும் தரைவரை தொங்கும் பஞ்சுப் போர்வை. சுற்றிலும் மெத்தை, முதுகுக்குத் திண்டு. கால்களை உள்ளே நீட்டிப் போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டால் சாப்பாடு, கதை, தூக்கம் எல்லாம் அங்கேதான். ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தாவில் மாதுளையும் தர்பூசணியும் வைத்துக்கொண்டு ஹாஃபிஸ் வாசிப்பதும் அங்கேதான். ஜப்பானியரின் 'கொதாத்சு' இதற்கு உறவு.

நவீனக் கட்டடவியல் இதற்கு நேரெதிர்த் திசையில் போனது. 1970இல் வெளிவந்த ஃபாங்கரின் 'வெப்ப சௌகரியம்' பற்றிய நூல், அறைக்குள் இருக்கும் சராசரி உடம்பைச் சூத்திரமாக்கியது. இத்தகைய கணக்குகளில் அடிப்படையாக வைக்கப்பட்டது ஆண் உடம்பு என்று 2015இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டிய பிறகுதான் விஷயம் வெளியே பேசப்பட்டது. எல்லோருக்கும் ஒரே வெப்பம். ஆளில்லாத மூலைக்கும் கூரைக்கும்கூட. கோர்சியோ காற்றை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை விடுகிறது. போர்வை அதில் ஒரு பங்கையும் சிறைப்பிடிக்கிறது.

மண்ணெண்ணெய் அடுப்பும் பிறகு எரிவாயுக் குழாயும் வந்து கோர்சியை ஓரங்கட்டின. உலகின் இரண்டாவது பெரிய எரிவாயு இருப்பைக் கொண்ட நாட்டில், 2024 டிசம்பரில் வீடுகளின் வெப்பத்தை 2 டிகிரி குறைக்கச் சொல்லி அதிபர் பெஸெஷ்கியான் கேட்கவேண்டி வந்தது. மின்வெட்டு, அலுவலகங்களுக்கு விடுமுறை வேறு.

இப்போதைய அடுக்ககத்துக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? முதலில் கரியைத் தலைமுழுக வேண்டும். மூடிய அறையில் கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் கொல்லும். பழைய கோர்சிகள் அப்படிக் கொன்றிருக்கின்றன. மேசையின் அடிப்பலகையில் கம்பிவலை போட்ட மின்கணப்பு, சூடு ஏறினால் தானாக அணையும் விசை, அடியில் தடித்த கம்பளம். 300 முதல் 600 வாட் போதும். அறை ஹீட்டர் 2000 வாட் தின்னும். இங்கே ஒரு கணக்கை மறைக்கக் கூடாது. ஈரானில் மின்சாரம் பெரும்பாலும் எரிவாயுவில் பிறக்கிறது, அதன் வெப்பத்தில் பாதிக்குமேல் ஆலையிலேயே வீண். ஆக 500 வாட் கோர்சிக்குப் பின்னால் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாட் எரிகிறது. வாயு ஹீட்டரை உண்மையாகவே தணித்தால்தான் லாபம். இரண்டையும் ஓட்டினால் கோர்சி வெறும் அலங்காரம். அதற்காக அறையை உறையவும் விடமுடியாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

பழம்பெருமை பேசுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. கதவுக்கு எட்டத்தில் இருக்கும் 'மேல்' இடம் பெரியவர்களுக்கு. தணலைக் கிளறவும் தேநீர் எடுத்துவரவும் போர்வையை விட்டு எழுந்தவள் யார்? கதகதப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. விசையைத் தட்டினால் கணப்பு எரியும்போது அந்த வேலைகளில் ஒன்று ஒழிகிறது, தேநீர் ஒழிவதில்லை. மூட்டுவலிக்காரர்கள் தரையில் உட்காரமுடியாது என்பதால் நாற்காலி உயரத்துக்கு மேசையைத் தூக்கினால், போர்வையும் நீள வேண்டும், உள்ளே அடைபடும் காற்றும் கூடும், கொஞ்சம் வாட்டும் கூடும். கூடட்டும், அந்தச் செலவை நான் ஏற்கிறேன். நாற்காலி உயரத்தில் 'மேல்' இடம் எது என்பதை வீட்டுக்காரர்கள் புதிதாகத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.