ஆப்பிரிக்கா போகும் முன் ஒரு ஊசி



வளைகுடா பயணம் நம்ம குலசேகரம் பகுதிக்குப் புதிதல்ல. ஆனால் நைஜீரியா, கென்யா, உகாண்டாவில் வேலை பார்க்கும் மகனையோ வீட்டுக்காரரையோ லீவுக்குப் பார்த்துவரப் போகிறவர்கள், டிக்கெட்டுக்குக் குழுக்கடன் கேட்கும்போது நாங்கள் கேட்பது இதுதான்: மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா?

இது மஞ்சள்காமாலை அல்ல. கொசு கடித்து வரும் வைரஸ் காய்ச்சல். முற்றினால் கல்லீரல் கெட்டு உயிரே போகலாம். குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலை முதல் சான்றும் அப்படியே. ஆனால் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். முந்தின நாள் ஓடிப் பயனில்லை.

சான்று இல்லாமல் திரும்பினால் 6 நாள் வரை தனியே வைப்பார்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு? இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் பரப்பும் ஏடிஸ் கொசு இருக்கே! டெங்கு தருவதும் அதுதான். மழைக்கு பால்வெட்டு நிற்கும்போது நம்ம ரப்பர் சிரட்டையில் தேங்கும் தண்ணீரே அதுக்குத் தாராளம்.

ஊசி போடாமலே மஞ்சள் அட்டை தரேன்னு ஏஜெண்ட் சொன்னா நம்பாதீங்க. முட்டை ஒவ்வாதவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லணும். அங்கே மலேரியாவும் உண்டு, அதற்கான மாத்திரையையும் கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஊசி கிடையாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், நமக்குப் பக்கம் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். திறந்த மருந்தை வைத்திருக்க முடியாது என்பதால் தினமும் போடுவதில்லை. போனில் நாள் கேட்டுட்டு, பாஸ்போர்ட்டோடு பஸ் ஏறுங்க.